காவ் ஹுவான் ஏன் அரியணை ஏறவில்லை?

வாசகர் ஒருவரின் கேள்வி: "ஆறாம் நூற்றாண்டுச் சீனத் தளபதி காவ் ஹுவானிடம் படை, பணம், நாட்டின் பாதி எல்லாம் இருந்தன. இருந்தும் இறக்கும்வரை வெய் பேரரசரின் ஊழியராகவே இருந்தார். இதை விசுவாசம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? தந்தை காத்த நன்றியை அவருடைய நான்கு மகன்கள் குலைத்துப் பேரரசர்களானார்கள் என்பதுதானே வரலாறு?"

ஜனவரி 7, மாலை

விசுவாசம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பேரரசரைத் தலைநகரை விட்டு ஓடும்படி நெருக்கி, அவர் போன பிறகு பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனை அந்த இடத்தில் அமர்த்திய மனிதரை விசுவாசி என்று அழைத்தால் அந்தச் சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகும். வட சீனத்தை ஆண்ட வட வெய் அரசு 534-இல் இரண்டாகப் பிளந்தது. மேற்கே சாங்ஆனில் யூவென் டாய் என்னும் தளபதி ஒரு வெய் பேரரசரை வைத்துக்கொண்டார். கிழக்கே காவ் ஹுவான் இன்னொருவரை யே நகரில் வைத்துக்கொண்டு, தாம் ஜின்யாங் நகரில், அதாவது இன்றைய தாய்யுவானில், படையோடு இருந்தார். பேரரசர் ஓர் ஊரிலும் அதிகாரம் இன்னோர் ஊரிலுமாக 13 ஆண்டுகள் ஓடின.

ஆனால் அரியணையை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்ற கேள்வி நல்ல கேள்வி. ஒரே பதிவில் முடிக்க எனக்கு மனமில்லை. நேரம் கிடைக்கும்போதெல்லாம் எழுதுகிறேன்.

ஜனவரி 7, இரவு

ஒரு திருத்தம். கேள்வியில் இருந்த "நான்கு மகன்கள்" என்பதை மாலையில் நானும் கவனியாமல் விட்டுவிட்டேன். பேரரசராக ஆண்டவர்கள் மூவர்: காவ் யாங் (550–559), காவ் யான் (560–561), காவ் ஜான் (561–565). மூத்தவரான காவ் செங் அரியணை ஏறுவதற்கு முன்பே 549-இல் கொல்லப்பட்டார். தம்பி காவ் யாங் ஆட்சிக்கு வந்தபின் தந்தைக்கும் அண்ணனுக்கும் இறந்த பிறகான பேரரசர் பட்டங்களை அளித்ததால், சில பட்டியல்களில் நால்வர் என்று வந்துவிடுகிறது. யாங், யான், ஜான் என்ற பெயர்கள் தமிழில் எழுதும்போது ஒன்றோடொன்று குழம்பும். ஆகவே இனி அண்ணன், இரண்டாமவர், அடுத்தவர், கடைசியாக ஆண்டவர் என்றும் இடையிடையே குறிப்பிடுகிறேன்.

நால்வருக்கும் தாய் ஒருவரே. பெயர் லோவ் ஜாவ்ஜுன். ஒவ்வொரு பிள்ளையும் வயிற்றில் இருந்தபோது அவர் கண்ட கனவுகளை அந்நாட்டு வரலாறு குறித்து வைத்திருக்கிறது. மூத்தவருக்கு உடைந்த டிராகன். இரண்டாமவருக்குத் தலையும் வாலும் வானையும் மண்ணையும் தொடும் டிராகன். அடுத்தவருக்குத் தரையில் ஊரும் டிராகன். கடைசியாக ஆண்டவருக்குக் கடலில் நீராடும் டிராகன். எல்லாம் முடிந்தபின் புனைந்து சேர்த்த கனவுகள் என்பது தெளிவு. ஆயினும் மூத்த மகனுக்கு "உடைந்த" என்ற ஒரு சொல்லைத் தேர்ந்த கைக்கு அந்தக் குடும்பத்தின் துயரம் தெரிந்திருக்கிறது.

ஜனவரி 9

காவ் ஹுவானின் தொடக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் அவருடைய தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அவர் 496-இல், வட வெய் அரசின் வடக்கு எல்லையைக் காத்த ஆறு காவற்படை நகர்களுள் ஒன்றான ஹுவாய்ஷுவோவில் பிறந்தார். குடும்பம் மிக ஏழ்மையானது. சொந்தமாக ஒரு குதிரைகூட இல்லை. எல்லைப் படையில் குதிரை இல்லாதவனுக்குப் பதவி இல்லை. அவர் நகர்மதில் வேலையில் நின்றிருந்தபோது, வசதியான வீட்டுப் பெண்ணான லோவ் ஜாவ்ஜுன் பார்த்து, "இவர்தான் எனக்குக் கணவர்" என்று முடிவு செய்து, பணிப்பெண் மூலம் சொல்லியனுப்பி, தம் சொந்தப் பணத்தையும் பலமுறை கொடுத்து, அந்தப் பணத்தாலேயே பெண் கேட்டு வரச் செய்தார். பெற்றோர் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டனர். காவ் ஹுவானுக்கு முதன்முதலாகக் குதிரை கிடைத்தது அந்தத் திருமணத்தால்தான்.

குதிரை வந்ததும் எல்லை நகருக்கும் தலைநகர் லுவோயாங்குக்கும் இடையே ஓலை கொண்டு செல்லும் வேலை கிடைத்தது. ஆறு ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். 519-இல் லுவோயாங்கில் அவர் கண்ட ஒரு நிகழ்ச்சி அவரை மாற்றியது. படைவீரர்களுக்கு உயர்பதவி தரக்கூடாது என்று ஓர் அமைச்சரின் மகன் யோசனை சொன்னதற்காக, அரண்மனைக் காவலர்கள் ஆயிரம் பேர் அளவில் திரண்டு போய் அந்த அமைச்சரின் வீட்டைக் கொளுத்தினர். அமைச்சரும் அவருடைய இன்னொரு மகனும் உயிரிழந்தனர்; யோசனை சொன்ன மகன் படுகாயத்தோடு தப்பினார். அரசு எட்டுப் பேரை மட்டும் தண்டித்து, மற்றவர்களுக்குப் பொதுமன்னிப்பு அளித்தது. ஊர் திரும்பிய காவ் ஹுவான் தம்மிடமிருந்த செல்வத்தையெல்லாம் செலவழித்து நண்பர்களைச் சேர்க்கத் தொடங்கினார். காரணம் கேட்டவர்களிடம், அரசே காவலர்களுக்கு அஞ்சிக் கேளாமல் விடுகிறது என்றால் இனி என்ன நடக்கும் என்பது தெரிகிறது, அப்படியிருக்கச் சொத்தைக் காத்து என்ன பயன் என்ற கருத்தில் பதில் சொன்னார்.

இதை நான் முதலில் வாசித்தபோது ஒரு கூர்மதியாளரின் கணிப்பாக மட்டுமே பார்த்தேன். இப்போது வேறுவிதமாகத் தோன்றுகிறது. ஆயுதம் ஏந்தியவர்கள் மனம் வைத்தால் எந்த மாளிகையும் எரியும் என்பதை இருபத்து மூன்று வயதில் கண்ணால் கண்டவர் அவர். பின்னாளில் அதே ஆயுதம் ஏந்தியவர்களுக்குத் தலைவரானபோது அந்த நெருப்பு அவர் நினைவை விட்டுப் போயிருக்க வழியில்லை.

ஜனவரி 10

அவர் சீனரா, வடக்குப் புல்வெளியிலிருந்து வந்த ஷியான்பெய் இனத்தவரா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போஹாய் பகுதியின் புகழ்பெற்ற காவ் குலத்தவர் என்று அவருடைய குடும்பம் சொல்லிக்கொண்டது. பாட்டனார் குற்றம் ஒன்றிற்காக எல்லைக்கு அனுப்பப்பட்டவராம். அந்தக் குலத் தொடர்பை ஆய்வாளர்கள் பலர் ஐயுறுகிறார்கள். ஷியான்பெய் மொழியில் அவருக்கு ஹெலியுஹுன் என்ற பெயர் இருந்தது; படைக்கு ஆணையிட்டதும் அந்த மொழியில்தான். இரண்டு மொழியும் தெரிந்தவர் என்பது பிறப்பைவிட முக்கியம். அதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

ஜனவரி 12

மொழியைப் பற்றி எழுதுவதாகச் சொன்னதைத் தள்ளிவைத்து, இன்று நடுவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் 7-ஆம் தேதி எழுதியது முழுமையானதல்ல என்று தோன்றுகிறது.

532-இல் ஹான்லிங் என்ற இடத்தில், அதுவரை வெய் அரசை ஆட்டிவைத்த அர்ஜூ குடும்பத்தின் பெரும்படையைக் காவ் ஹுவான் முறியடித்தார். எதிரிகள் 2,00,000 பேர் என்றும் அவரிடம் 2,000-க்கும் குறைவான குதிரைவீரரும் 30,000-க்கும் குறைவான காலாட்படையினரும் இருந்தனர் என்றும் வரலாறு சொல்கிறது. மாடுகளையும் கழுதைகளையும் ஒன்றோடொன்று கட்டித் தம் படை பின்வாங்கும் வழியைத் தாமே அடைத்தார். வெற்றிக்குப் பின் யுவான் ஷியூ என்பவரைப் பேரரசராக்கித் தம் மகளையும் மணம் செய்து கொடுத்தார். அந்த மருமகன்தான் 534-இல் மேற்கே யூவென் டாயிடம் ஓடியவர்.

பேரரசர் ஓடுவதற்கு முன்னும் பின்னும் காவ் ஹுவான் அனுப்பிய மன்றாட்டு மடல்கள் மொத்தம் நாற்பது. ஒன்றுக்கும் பதில் இல்லை. அதன்பின் அமர்த்திய சிறுவன் ஷியாவ்ஜிங் பேரரசரிடம் அவர் நடந்துகொண்ட முறை முற்றிலும் வேறு. விருந்துகளில் தரையில் விழுந்து வணங்குவார். பேரரசர் பௌத்த வழிபாட்டுக்கு வண்டியில் செல்லும்போது, இந்த நாட்டையே ஆட்டிவைக்கும் தளபதி தூபக்கலத்தைக் கையில் ஏந்தி, குனிந்து, மூச்சை அடக்கி, வண்டியின் பின்னால் நடந்து செல்வார். பேரரசரை விரட்டியவர் என்ற பழி தம்மேல் விழுந்துவிட்டதை அவர் அவமானமாகக் கருதினார் என்பதே வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணம்.

ஆகவே என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். விசுவாசம் இல்லை, ஆனால் வெறும் நடிப்பும் இல்லை. செய்த ஒரு தவற்றைத் தம் வாழ்நாள் முழுவதும் நடந்தே ஈடுகட்ட முயன்ற மனிதராக அவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்ட நண்பர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு.

ஜனவரி 13

ஆனாலும் வெட்கம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. அவர் காலடியில் இருந்த நிலம் உறுதியானதாக இல்லை.

அவருடைய படை ஷியான்பெய் வீரர்களால் ஆனது. வரியும் தானியமும் துணியும் ஹான் சீன உழவர்களிடமிருந்து வந்தன. இரு தரப்பும் ஒருவரையொருவர் வெறுத்தனர். ஷியான்பெய் வீரர்களிடம் அவர்கள் மொழியில், "ஹான் மக்கள் உங்கள் அடிமைகள்; ஆண்கள் உங்களுக்காக உழுகிறார்கள், பெண்கள் உங்களுக்காக நெய்கிறார்கள், உண்ணவும் உடுக்கவும் தருகிறார்கள், அவர்களை ஏன் துன்புறுத்துகிறீர்கள்?" என்பார். ஹான் மக்களிடம் திரும்பி, "ஷியான்பெய் வீரர்கள் நீங்கள் கூலிக்கு வைத்த ஆட்கள், ஒரு மரக்கால் தானியத்துக்கும் ஒரு சுருள் துணிக்கும் கள்வரை விரட்டி உங்களை நிம்மதியாக வாழவைக்கிறார்கள், அவர்களை ஏன் வெறுக்கிறீர்கள்?" என்பார். (மரக்கால் என்றது புரிவதற்காக, அவர்களுடைய அளவை வேறு.) ஒரே வாயில் இரண்டு பேச்சு என்று இதை ஏளனம் செய்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பேச்சுக்கும் நோக்கம் ஒன்றே: இவர் அவரை அடிக்கக்கூடாது.

டு பி என்ற அதிகாரியின் கதையும் இங்கே வர வேண்டும். ஊழல் செய்யும் தளபதிகளைத் தண்டிக்குமாறு அவர் வேண்டியபோது, காவ் ஹுவான் சொன்ன பதிலின் சாரம் இது: தளபதிகளின் குடும்பங்கள் பல மேற்கே யூவென் டாயின் பகுதியில் இருக்கின்றன, அவர் இவர்களை அழைத்துக்கொண்டே இருக்கிறார், தெற்கே லியாங் நாட்டுக் கிழவர் ஷியாவ் யான் சடங்கும் உடையும் இசையுமாக இருக்கிறார், இங்குள்ள கற்றோர் அவரையே முறையான பேரரசர் என்று பார்க்கிறார்கள், நான் சட்டத்தை இறுக்கினால் தளபதிகள் மேற்கே போவார்கள், கற்றோர் தெற்கே போவார்கள், பிறகு எனக்கு நாடு ஏது? டு பி மீண்டும் வற்புறுத்தினார். அப்போது காவ் ஹுவான் வீரர்களை இருபுறமும் நிறுத்தி, வில்லை நாணேற்றி, வாளை ஓங்கி, ஈட்டியை நீட்டி வைத்திருக்கச் சொல்லி, நடுவே டு பியை நடக்கவைத்தார். அவர் நடுங்கி வியர்த்துவிட்டார். "அம்பு விடப்படவில்லை, வாள் வெட்டவில்லை, ஈட்டி குத்தவில்லை, அதற்கே உமக்கு உயிர் போய்விட்டது. இவற்றுக்கு நேரே போய் நூறில் ஒருவராகப் பிழைத்து வருகிறவர்களை உம் அளவுகோலால் அளக்காதீர்" என்ற பொருளில் சொல்லி அனுப்பினார்.

பல ஆண்டுகள் நான் ஒரு நிறுவனத்தில் கணக்குத் தணிக்கைப் பிரிவில் வேலை செய்தேன். களத்தில் இருந்த ஒரு மூத்தவரின் போலிச் செலவுச் சீட்டுகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தபோது, மேலாளர் ஏறக்குறைய இதே வாதத்தைச் சொன்னார்: அவர் போய்விட்டால் அந்த வட்டாரமே போய்விடும் என்று. அன்று எனக்குக் கொதித்தது. அதனால்தான் டு பியின் கதையை வாசிக்கும்போதெல்லாம் நான் டு பியின் பக்கமே நிற்கிறேன். காவ் ஹுவானின் கணக்கு அவருடைய ஆயுளுக்குச் சரியாக இருந்திருக்கலாம். அவர் இறந்தபின் அந்தக் கடனை மகன்கள் தீர்க்க வேண்டியிருந்தது.

ஜனவரி 14

மேலே எழுதியதில் ஒரு விடுபடல். மக்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கைக் காவ் ஹுவான் மறுக்கவில்லை. டு பியிடம் "சற்றுப் பொறும், நான் மறக்கவில்லை" என்ற கருத்தையும் சொல்லியிருக்கிறார். அவருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

ஜனவரி 16

அவகாசம் கிடைக்காததற்குக் காரணம் யூபி. 546-இல் மேற்கு வெய் அரசின், அதாவது யூவென் டாய் தரப்பின், அந்த எல்லைக் கோட்டையைக் காவ் ஹுவான் பெரும்படையோடு முற்றுகையிட்டார். உள்ளே வெய் ஷியாவ்குவான் என்ற தளபதி இருந்தார். மண்மேடு கட்டினால் அவர் கோபுரத்தை உயர்த்தினார். சுரங்கம் தோண்டினால் குறுக்கே பள்ளம் வெட்டி, வருபவர்களைப் பிடித்தார், விறகும் நெருப்பும் வைத்துத் துருத்தியால் புகையை உள்ளே ஊதினார். ஏறக்குறைய ஐம்பது நாள்களில் 70,000 பேர் இறந்தனர்; எல்லோரையும் ஒரே குழியில் புதைத்தனர். காவ் ஹுவான் நோயுற்றுப் பின்வாங்கினார்.

அவர் அம்பு பட்டு இறந்துவிட்டார் என்று எதிரிகள் பரப்பினர். தாம் உயிரோடு இருப்பதைக் காட்ட, நோயோடு எழுந்து உட்கார்ந்து, படைத்தலைவர்களை அழைத்து, முதிய தளபதி ஹுலூ ஜின்னைப் பாடச் சொன்னார். யின் மலையடிவாரத்துப் புல்வெளியையும், கூடாரம்போல் கவிந்த வானையும், காற்று புல்லைச் சாய்க்கும்போது தென்படும் மாடு ஆடுகளையும் சொல்லும் பாட்டு அது. இன்றும் சீனப் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். காவ் ஹுவானும் சேர்ந்து பாடினார், கண்ணீர் வடிந்தது. குதிரைகூட இல்லாமல் தொடங்கிய ஊரின் பாட்டு அது.

547-இன் தொடக்கத்தில் ஜின்யாங்கில் இறந்தார். சீனக் கணக்கில் வயது 52. படுக்கையில் மூத்த மகனிடம் சொன்னவை ஒரு முழு நிர்வாகக் கையேடு. தெற்கே தளபதி ஹோவ் ஜிங் 14 ஆண்டுகளாகத் தனியாட்சி செய்துவருகிறான், என்னால் மட்டுமே அவனை அடக்க முடியும், உன்னால் முடியாது. அவனுக்கு ஈடாக நிற்கக்கூடியவர் முரோங் ஷாவ்சோங் ஒருவரே, அவரை நான் வேண்டுமென்றே உயர்த்தாமல் வைத்திருக்கிறேன், நீ உயர்த்து, உனக்கு நன்றியுடன் இருப்பார். இத்தனை சொல்லியும் ஒரு சின்னப் புள்ளி விடுபட்டுப்போயிற்று. தம் கடிதங்களில் ஒரு சிறு புள்ளி வைப்பது என்று அவருக்கும் ஹோவ் ஜிங்குக்கும் உடன்பாடு இருந்தது. தந்தையின் பெயரில் மகன் ஹோவ் ஜிங்கை அழைத்து எழுதிய கடிதத்தில் புள்ளி இல்லை. ஹோவ் ஜிங் வரவில்லை, கிளர்ச்சி செய்தான், முரோங் ஷாவ்சோங்கிடம் தோற்றுத் தெற்கே லியாங் நாட்டுக்குள் ஓடினான். 549-இல் அவன் லியாங் தலைநகரைப் பிடித்தபோது, மேலே சொன்ன அந்தக் கிழவர் ஷியாவ் யான் அரண்மனையிலேயே பசியால் இறந்தார்.

ஜனவரி 18

இப்போது கேள்வியின் மையத்துக்கு வந்துவிட்டோம்.

மூத்தவர் காவ் செங் திறமையானவர், ஆனால் பணிவு அறியாதவர். தந்தை தூபக்கலம் ஏந்திப் பின்னால் நடந்த அதே பேரரசரை அவர் விருந்தில் இழிவாகப் பேசி, தம் ஆளை விட்டு மூன்று குத்து விடச் செய்தார். 549-இல் அரியணையைப் பறிக்கும் ஆலோசனையில் இருந்தபோதே, சமையல் வேலையில் இருந்த லான் ஜிங் என்ற போர்க்கைதி, உணவுத் தட்டின் அடியில் கத்தியை மறைத்து எடுத்து வந்து அவரைக் குத்திக் கொன்றான். அவனுடைய தந்தை லியாங் நாட்டுத் தளபதி, மீட்புப்பணம் தர முன்வந்தும் காவ் செங் விடவில்லை, கெஞ்சியபோதெல்லாம் அடித்தார்.

இரண்டாமவர் காவ் யாங்கை அதுவரை எல்லோரும் மந்தபுத்தி என்று நினைத்திருந்தனர். சிறுவயதில் தந்தை பிள்ளைகளுக்குச் சிக்கிய நூலைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னபோது, இவர் மட்டும் கத்தியை எடுத்து வெட்டி, "கலைந்ததை வெட்டத்தான் வேண்டும்" என்றார். தந்தை ஒருவர்தான் அவரை அப்போதே கண்டுகொண்டார். அண்ணன் இறந்த அன்று முகம் மாறாமல் கொலையாளிகளை அழித்து, "அடிமைகள் கலகம் செய்தார்கள், அண்ணனுக்குச் சிறு காயம்தான்" என்று அறிவித்து, அதிகாரத்தைக் கைப்பற்றினார்.

அடுத்த ஆண்டு அவர் அரியணை ஏற முடிவு செய்தபோது தாய் லோவ் ஜாவ்ஜுன் தடுத்தார். "உன் தந்தை டிராகன் போன்றவர், உன் அண்ணன் புலி போன்றவன், அவர்களே அந்த இடத்தை எளிதாக எடுக்கக்கூடாது என்று கடைசிவரை ஊழியராக இருந்தார்கள். நீ யார்?" என்று கேட்டார். காவ் யாங் இதை மருத்துவரும் ஆலோசகருமான ஷு ஜிசாயிடம் சொன்னார். அவர் சொன்ன பதில்: "தந்தைக்கும் அண்ணனுக்கும் நீங்கள் ஈடில்லை என்பதால்தான் சீக்கிரம் ஏற வேண்டும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இத்தனை பதிவுகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹான்லிங்கில் தப்பும் வழியை அடைத்துவிட்டுத் தங்களோடு நின்ற மனிதர் என்பதற்காக வீரர்கள் காவ் ஹுவானைப் பின்தொடர்ந்தார்கள். ஹோவ் ஜிங்கூட, அவர் இருக்கும்வரை எனக்கு வேறு எண்ணம் இல்லை, அவர் போனபின் அந்தச் சிறுவனோடு என்னால் வேலை செய்ய முடியாது என்றான். அரியணை ஏறியிருந்தால் காவ் ஹுவானுக்குப் புதிதாகக் கிடைத்திருக்கக்கூடியது ஒன்றுமில்லை. மேற்கே இருந்த எதிரிக்கு மட்டும் "துரோகி" என்று கூவ ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும். மகனுக்கோ அந்த நட்பும் இல்லை, வடுக்களும் இல்லை. அவருக்குப் பட்டம் தேவைப்பட்டது. 550-இல் வட ச்சி என்ற புதிய அரசு பிறந்தது. பதவி துறந்த ஷியாவ்ஜிங் இரண்டு ஆண்டுகளுக்குள் நஞ்சூட்டப்பட்டு இறந்தார். அவருடைய மகன்களும் கொல்லப்பட்டனர்.

ஜனவரி 21

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று மூன்று நாள்கள் யோசித்தேன்.

என் தந்தை இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. என்னையும் தங்கையையும் வளர்த்தவர் சித்தப்பா. அவர் வீட்டில் நான் ஒருநாளும் விருந்தாளியாக உணர்ந்ததில்லை. காவ் சகோதரர்களின் கதை எனக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக வலிப்பதற்கு அதுதான் காரணம், ஏனென்றால் இது சித்தப்பாக்களின் கதை.

காவ் யாங் முதல் சில ஆண்டுகள் நன்றாக ஆண்டார். பிறகு குடியில் மூழ்கிக் கொடுமைகள் செய்தார். 559-இல் இறக்கும்போது தம் மகன் காவ் யின்னை நினைத்து அஞ்சினார். தம்பி காவ் யானிடம் சொன்னார்: "பறிப்பதானால் பறித்துக்கொள், கொன்றுவிடாதே." தம்பி 560-இல் பறித்தார், 561-இல் கொன்றார். நஞ்சைக் குடிக்க மறுத்த அந்த இளைஞனைக் கழுத்தை நெரித்துக் கொன்றனர்.

காவ் யான் நல்ல நிர்வாகி, தாயிடம் பெரும் அன்பு கொண்டவர். அதே ஆண்டு வேட்டையில் முயல் ஒன்று குறுக்கே பாய, குதிரை மிரண்டு, விழுந்து விலா எலும்பு முறிந்தது. பார்க்க வந்த தாய், "என் பேரன் எங்கே?" என்று மூன்று முறை கேட்டார். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. "கொன்றுவிட்டாயா? என் சொல்லைக் கேளாத நீ சாவது தகும்" என்று சொல்லிவிட்டுத் தாய் திரும்பியும் பாராமல் போனார். தம் மகனை விட்டுத் தம்பி காவ் ஜானுக்கே அரியணையைத் தந்த காவ் யான், அவருக்கு எழுதிய கடைசி மடலில் மனைவி மக்களை நல்லபடி வைக்கும்படி வேண்டி, "முன்னவர்களைப் பின்பற்றாதே" என்றார். முன்னவர் என்று அவர் சொன்னது தம்மைத்தான்.

564-இல் வானில் கெட்ட சகுனம் தோன்றியது. அதற்கு ஒரு பலி தேவை என்று காவ் ஜான் கருதினார். அண்ணன் காவ் யானின் மகன் காவ் பாய்நியான் எழுத்துப் பயிற்சியில் பேரரசர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய "ஆணை" என்ற எழுத்தைச் சில முறை எழுதியிருந்தான். ஆசிரியர் அந்தத் தாளை முத்திரையிட்டு அனுப்பிவிட்டார். அழைப்பு வந்தபோதே சிறுவனுக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பிலிருந்த மணிக்கல் வளையத்தை அறுத்துத் தன் இளம் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனான். முன்னால் நிறுத்தி அந்த எழுத்தை எழுதச் சொல்லி, ஒத்துப் பார்த்து, அடித்துக்கொண்டே மண்டபத்தைச் சுற்றி இழுத்தனர். அவன் சொன்னதை வரலாறு பேச்சுமொழியிலேயே பதிந்திருக்கிறது: "உயிரை விடுங்கள் சித்தப்பா, உங்களுக்கு அடிமையாக இருக்கிறேன்." அவனுக்கு ஒன்பது வயது.

மனைவி ஹுலூ ஜின்னின் பேத்தி, பதினான்கு வயது. வளையத்தை இறுகப் பற்றியபடி உண்ணாமல் கிடந்து, ஒரு மாதத்துக்குப் பின் இறந்தாள். இறந்த பிறகும் கை திறக்கவில்லை. அவளுடைய தந்தையான தளபதி ஹுலூ குவாங் வந்து விரல்களைப் பிரித்தார்.

யூபியில் பாட்டுப் பாடியவரின் பேத்தியும், அந்தப் பாட்டில் அழுதவரின் பேரனும் இவர்கள்.

ஜனவரி 22

"இவையெல்லாம் வென்றவர்கள் எழுதிய கதைகள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முறையான எச்சரிக்கை. வட ச்சி அரசின் வரலாறு 636-இல், பின்னால் வந்த தாங் அரசகுலத்தின் அவையில் முடிக்கப்பட்டது. தாங் அரசகுலத்தின் முன்னோர் யூவென் டாயின் தளபதி. எனினும் அதைத் தொடங்கியவர் வட ச்சி அரசிலேயே பணியாற்றிய அறிஞர், முடித்தவர் அவருடைய மகன். சொந்த வீட்டைப் பற்றி எழுதியதுபோல்தான். காவ் யாங்கின் குடிவெறிக் கதைகளில் மிகை இருக்கலாம் என்பதால்தான் அவற்றை நான் விவரிக்கவில்லை. கொலைகளும் ஆண்டுகளும் வேறு விஷயம்.

ஜனவரி 25

"மேற்கே இருந்த யூவென் டாயின் மகன்களும் மூவர் பேரரசரானார்களே, அங்கேயும் இதே கதைதானே?" என்ற கேள்விக்கு: பாதி அதே, பாதி அன்று.

யூவென் டாயும் அரியணை ஏறாமலே 556-இல் இறந்தார். பிள்ளைகள் சிறியவர்கள், பொறுப்பை அண்ணன் மகன் யூவென் ஹுவிடம் ஒப்படைத்தார். அவர் 557-இல் யூவென் ஜுவேயை அமர்த்தி, அதே ஆண்டு நீக்கிக் கொன்றார். மூத்தவர் யூவென் யூவை அமர்த்தி, 560-இல் சமையற்காரர் மூலம் பலகாரத்தில் நஞ்சு வைத்தார். அதாவது கொன்றவர் பெரியப்பா மகன், உடன்பிறந்தவர் அல்ல. நஞ்சுண்டு இறக்கும் தறுவாயில் யூவென் யூ தம் பிள்ளைகளை விட்டுத் தம்பி யூவென் யோங்கைப் பேரரசராக அறிவித்தார். தம்பி 12 ஆண்டுகள் பொறுத்திருந்து, 572-இல், தாயின் குடிப்பழக்கத்தைக் கண்டிக்க மதுவைப் பற்றிய பழைய அறிவுரையை வாசித்துக் காட்டும்படி யூவென் ஹுவிடம் வேண்டி, அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து பச்சைக்கல் பலகையால் அடித்து வீழ்த்தினார். ஒளிந்திருந்த தம்பி வெளியே வந்து கொன்றார்.

யூவென் யோங் தம் அண்ணனின் மகன்களைத் தொடவில்லை. அவர்தான் 577-இல் வட ச்சி அரசை வென்றவர். அரசு விழுந்ததற்குப் பல காரணங்கள் உண்டு; நல்ல தளபதி ஹுலூ குவாங்கை 572-இல் காவ் ஜானின் மகனே கொன்றது அவற்றுள் ஒன்று. அண்ணன் மகனைக் காப்பாற்றியதால் யூவென் யோங் வென்றார் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய குடும்பமும் 581-க்குள், ஆட்சியைப் பறித்த யாங் ஜியானால் அழிக்கப்பட்டது, அந்த அண்ணன் மகன்கள் உட்பட. ஆனால் அவர்களைக் கொன்றது சித்தப்பா இல்லை.

பிப்ரவரி 2

தாய் லோவ் ஜாவ்ஜுன் என்ன ஆனார் என்று கேட்டவருக்கு: 562-இல் இறந்தார். கடைசி மகன் துக்க உடை அணிய மறுத்துச் சிவப்பு அங்கியிலேயே இருந்ததாகப் பதிவு. 545-இல், புல்வெளி அரசான ரோவ்ரானுடன் உறவு வேண்டி அந்நாட்டு இளவரசியைக் காவ் ஹுவான் மணக்கத் தயங்கியபோது, "நாட்டின் காரியம், தயங்க வேண்டாம்" என்று சொல்லித் தம் அறையையும் தலைமனைவி இடத்தையும் விட்டுக்கொடுத்தவர் இவர். காவ் ஹுவான் அவர்முன் மண்டியிட்டார். பேரரசருக்குப் பிறகு அவர் மண்டியிட்டதாக நான் வாசித்த ஒரே ஆள் அவருடைய மனைவி.

பிப்ரவரி 3

கல்லறை பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக. காவ் ஹுவானை ஜாங் ஆற்றின் மேற்கே அடக்கம் செய்ததாக ஊருக்குக் காட்டிவிட்டு, உண்மையில் கூ மலையின் குகைக்கோயிலில், புத்தரின் தலைக்கு அருகே பாறையில் துளை குடைந்து பெட்டியை உள்ளே வைத்து அடைத்து, வேலை செய்த கல்தச்சர்களை மகன் காவ் செங் கொன்றார் என்பது பழைய செய்தி. ஆறு ஆண்டுகளுக்கு முன் வேலை விஷயமாக ஹன்டான் சென்றபோது ஒரு பிற்பகல் கிடைத்தது. அந்த மலையில் இருக்கும் வட ஷியாங்டாங் குகைகளுக்குப் போனேன். பெரிய புத்தர் குகையின் நடுத்தூணின் உச்சியில் இருக்கும் அந்தத் துளையைக் காவலாளி கைவிளக்கால் காட்டினார். கீழிருந்து பார்த்தால் இருட்டு மட்டுமே தெரிந்தது. வட ச்சி வீழ்ந்த பிறகு, கொல்லப்பட்ட கல்தச்சர் ஒருவரின் மகன் இடத்தை அறிந்து, கல்லைப் பெயர்த்து, உள்ளே இருந்த பொன்னை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டானாம்.